பம்பரம் கைடு தேடிய கதை

என் வீட்டுக்காரருக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் நிற்கமாட்டார். பல் தேய்த்து முடிப்பதற்குள் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டு வருவார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உட்காரச் சொன்ன நாற்காலி ஆடுகிறது என்று அதைக் கவிழ்த்துப் போட்டுக் காலைச் செதுக்க ஆரம்பித்துவிட்டார். என் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா வாழ்க்கை பூரா நீ பின்னாலயே ஓடணும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறேன்.

காலில் சக்கரம் கட்டியவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? கதவுத் தொழிற்சாலை, படகுப் பட்டறை, பெட்டி செய்யும் கம்பெனி என்று ஏழு இடம் மாறினார். வேலை சரியில்லை என்று ஒருவரும் அனுப்பியதில்லை. ஒரே வேலையை இரண்டாவது மாதமும் செய்யச் சொன்னால் இவருக்குத்தான் பொறுக்காது. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தனக்குத் தானே முதலாளியானார். ஒரு நாள் அலமாரி, மறுநாள் கதவு, அடுத்த நாள் யாரோ ஒருவர் வீட்டுப் படிக்கட்டு. அந்தக் கொட்டகையில்தான் நான் முதன்முதலாக அவர் சிரித்துக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மூடிப்போன ஒரு தொழிற்பள்ளியிலிருந்து பழைய ரம்ப மேசை ஒன்றை வாங்கி வந்தார். இரும்பு மேசை, நடுவில் ஒரு பிளவு, அதன் வழியே வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் ஒரு நீளச் சட்டம். பலகையை அதை ஒட்டித் தள்ளினால் நேராக அறுபடும். அதைக் கைடு என்பார்கள். ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்கவேண்டும். பின்பக்கம் கொஞ்சம் குறுகினால் போதும், பலகை நடுவில் சிக்கிக்கொள்ளும். சுழலும் ரம்பம் அதைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே வீசிவிடும்.

அதனால் கைடு விஷயத்தில் மட்டும் பம்பரம் நின்று நிதானமாக வேலை செய்வார். அளந்து நிறுத்தி, அதன் தலையில் உள்ள நான்கு போல்ட்டையும் முறுக்கியபின், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளியில் பாதி போல்ட் மேல், பாதி தகட்டின் மேல் விழும். போல்ட் முடியளவு திரும்பினாலும் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தினமும் காலையில் சுவிட்சைப் போடுமுன் குனிந்து அந்த நான்கையும் பார்ப்பார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் பலகை பறந்தது. அவர் விலாவில் அடித்து, இரண்டு எலும்பில் விரிசல். அதே வேகத்தில் சுழன்று கைடின் சட்டத்தையும் நடுவில் வளைத்துவிட்டது.

அந்தப் பலகை பறந்ததற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துத் திறக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை; மூடி வைத்துப் பார்த்ததில் பட்டதே போதும்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் என் கடை. அளவு என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆளைப் பார்த்தே தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அன்று அவர் கீல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். என் கத்தரிக்கோலைத் தேடிக் கொட்டகைக்குப் போனேன். கிடைத்தது, காகிதம் வெட்டப் போட்டு மழுங்கடித்திருந்தார். திட்டிக்கொண்டே திரும்பும்போது ரம்பம் கண்ணில் பட்டது. முந்தின வாரம் முழுக்க, பலகையின் ஓரம் லேசாகக் கருகுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். சரி, நாம்தான் பார்ப்போமே என்று கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன்.

ரம்பத்தின் முன்பக்கத்துப் பல்லிலிருந்து கைடுவரை ஓர் அளவு. பின்பக்கத்துப் பல்லிலிருந்து இன்னோர் அளவு. பின்பக்கம் ஒரு நகக் கனம் கூடுதலாக இருந்தது. பாவம், இந்த மனிதர் கோணலை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாரே என்று நினைத்தேன். போல்ட்டைத் தளர்த்தி, கைடின் பின்பக்கத்தை உள்ளே தட்டி, அளந்து பார்த்து, மறுபடி முறுக்கினேன். முன்னும் பின்னும் அச்சாக ஒரே அளவு. புள்ளிகள் உடைந்து பார்க்க அசிங்கமாக இருந்தன. அவற்றின் மேலேயே என் நகப்பாலிஷை வைத்தேன். அதே சிவப்பு. அவர் வந்ததும் சொல்லி ஒரு சபாஷ் வாங்கலாம் என்று சந்தோஷமாகப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவரோ வந்தவர் வீட்டுக்குள் வராமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். குனிந்து புள்ளியைப் பார்த்திருப்பார். சிவப்பாகத்தான் இருந்தது. இரண்டு பலகை அறுத்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது பலகைக்கு வேறு சத்தம் வந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது எப்படி என்று ஒரு வாரம் எனக்குப் புரியவில்லை. அடுத்த தெரு லேத்காரர் இவரைப் பார்க்க வந்தார். இருவருக்கும் இருபது வருடச் சிநேகம். பேச்சுவாக்கில் என்னிடம், "ரம்பத்துல ஒரு பல்லு இந்தப் பக்கம் சாஞ்சிருக்கும், அடுத்தது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும் தங்கச்சி. தெரியாதவன் முன்னால ஒரு பல்லு, பின்னால ஒரு பல்லுன்னு அளந்து ஏமாந்துருவான். ஒரே பல்லைச் சுத்திக் கொண்டுபோய் ரெண்டு இடத்துலயும் அளக்கணும்" என்றார். என் கையில் காபி டம்ளர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். கைடு நேராகத்தான் இருந்திருக்கிறது. கோணலாக்கியது நான். இரண்டு தோளையும் ஒரே கழுத்துப் புள்ளியிலிருந்துதான் அளக்கவேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் புத்தி அன்று எங்கே மேயப் போயிருந்ததோ.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். மூச்சு விட்டாலே வலிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளினேன். பிறகு வலி குறையட்டும் என்று ஒரு வாரம். பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயத்தில் மாதக்கணக்காகத் தள்ளினேன்.

எலும்பு கூடியது. புதுக் கைடு வாங்கவேண்டும், அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். புதுசு வந்துவிட்டால் பழசைத் தூக்கிப் போட்டுவிடலாம். என் குற்றமும் அதோடு போய்விடும். குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் கணக்குப் போட்டது. அவரும் பையில், கோணல் பார்க்க, மூலைமட்டத்தையும் நேர்கம்பியையும் போட்டுக்கொண்டு தினமும் கிளம்பினார். கதவுக்கும் அலமாரிக்கும் வேண்டிய பலகையை வேறு பட்டறையில் அறுத்து வாங்கினார். கொட்டகைப் பக்கம் போனால் ரம்ப மேசையைச் சுற்றிக்கொண்டு போவாரே தவிர அதன்மேல் கை வைக்கமாட்டார்.

முதலில் பழைய மெஷின்களை வாங்கி விற்கும் மெஷின்காரரின் கிடங்குக்குப் போனோம். நானும் கூடப் போனேன். அதே கம்பெனியின் கைடு ஒன்று, அதிகம் தேயாதது, அங்கே இருந்தது. இவர் கம்பியை வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். வெளியே போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கே அண்ணே?" என்று மெஷின்காரர் கேட்டார்.

"இருக்கு. ஆனா மேசையைப் பிடிக்க முன்னால ஒரு பிடி, பின்னால ஒரு பிடி. பின்னால முதல்ல பிடிச்சிட்டா கோணலா இழுத்துக்கும்."

"நீங்க இதே மாதிரி ஒண்ணைத்தானே ரெண்டு வருஷமா வச்சிருந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்தது பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்காற்று. அலுமினியத்தில் பளபளவென்று ஒரு கைடு. இவர் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். "அசையுது." அதே கடையில் இன்னொன்று இருந்தது. கனமான இரும்பு, முன்பக்கம் மட்டும் தண்டவாளம் போட்டு மாட்டுவது. ஒரு பிடிதான், ஆனால் யானை பிடித்தமாதிரி நிற்கும். அழுத்தினார், இழுத்தார், அதன்மேல் பாதி உடம்பைச் சாய்த்தார். அசையவில்லை. எனக்கே அப்பாடா என்று இருந்தது.

"இதுக்கு மேசையில புதுசா ஓட்டை போடணும்" என்றார்.

"ஓட்டை போடுறது உங்களுக்கு ஒரு வேலையா?"

"பழைய இரும்பு. வெடிச்சிடும்."

வெடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். வெடிக்காது என்று லேத்காரரும் சொன்னார். தானே சதுரக் குழாயில் ஒன்று செய்து தருகிறேன் என்றும் சொன்னார். அதற்கு இவர், "வெல்டிங் சூட்டுல குழாய் முறுக்கிக்கும்" என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக எதிலும் சிக்கவில்லை. வரிசையில் எட்டாவது கடையிலிருந்து திரும்பும்போது நான் பொறுமை இழந்துவிட்டேன்.

"ஏங்க, உங்களுக்குக் கைடு வேணுமா வேண்டாமா?"

என்னைவிட இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் நடப்பார். ஆனால் முன்பெல்லாம் எங்கேயாவது போய்ச் சேருவதற்காக வேகமாக நடப்பார். இப்போது எதையோ விட்டு ஓடுகிறவர்போல நடந்தார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கையை வெட்டிவிட்டு மறுபடி துணி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம், கொட்டகையில் வேலை மேசைக்குக் கீழே ஒரு கோணிப்பை தட்டுப்பட்டது. உள்ளே கட்டுக் கட்டாக மெல்லிய பலகைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு நேர்கோடு. கோட்டை ஒட்டிக் கைரம்பத்தால் அறுத்த தடம். பக்கத்தில் தேதி. அதன்கீழ் 'அரை வலது', 'கால் இடது', 'முக்கால் வலது' என்று அவர் கையெழுத்து. நூறுக்கு மேல் இருந்தன. பையின் அடியில் கண் மருத்துவமனைச் சீட்டு ஒன்றும் கிடந்தது. பார்வையில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது.

ஒன்றும் புரியாமல் லேத்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"உன்கிட்ட சொல்லலையா? கோட்டை விட்டு அறுப்பு எவ்வளவு விலகுதுன்னு எழுதி, கை நடுங்குதான்னு சோதிச்சுப் பாக்குறான் தங்கச்சி. கைடு நகரலைன்னு சொல்றான். புள்ளி நாலும் உடையாம அப்படியே இருக்காம். அப்போ தள்ளுன கைதான் கோணிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, நான் கடை கடையா ஏறிக் கைடைக் குறை சொல்லிட்டு இருக்கேன்'கிறான். மெஷினையே குடுத்துடப் போறானாம்."

"யாருக்கு?"

"பழைய மெஷின்காரருக்குத்தான். அவரோட தம்பி ஆணிக்கடை வச்சிருக்காரு. அங்கே கவுண்டர்ல நிக்கப் போறானாம்."

கவுண்டரில். காலை முதல் சாயங்காலம் வரை, இரண்டடி அகலத்துக்குள், ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு. பம்பரம். உடைந்த புள்ளிகளைப் பார்த்திருந்தால் அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். அழகாக மூடி வைத்தது என் நகப்பாலிஷ். எலும்பை நான் தெரியாமல் உடைத்தேன். அவருடைய கையை அவரே நம்பாமல் இருந்த நான்கு மாதத்துக்கு, வாயை மூடிக்கொண்டு நான்தான் காரணமாக இருந்தேன்.

வீட்டுக்குப் போய் உடனே சொல்லிவிடுவேன் என்றுதான் நடந்தேன். போனால் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துட்டுப் போக வராங்க" என்றார், சட்டையைப் பார்த்துக்கொண்டே. நான் வாயைத் திறந்தேன். "சரி" என்ற சொல்தான் வந்தது. என்னை எதால் அடிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பழைய மெஷின்காரர் வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். மேசையைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். சுவரில் ஆணியில் தொங்கிய வளைந்த கைடை எடுத்துத் திருப்பினார்.

"சட்டம்தான் வளைஞ்சிருக்கு, தலை நல்லாயிருக்கு. அண்ணே, வாங்குறவன் கேப்பான். யாராச்சும் இந்தப் போல்ட்டைத் தொட்டிருக்காங்களா?"

"இல்லை. புள்ளி இருக்கு பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். "தப்பு கைடுல இல்லை. மெஷின்லயும் இல்லை. என் கையிலதான். வாங்குறவங்ககிட்ட தைரியமா சொல்லுங்க."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். மரத்தின் பெயரைச் சொல்கிறமாதிரி. நான் முன்னறைக்கு ஓடினேன். நகப்பாலிஷ் துடைக்கிற மருந்தையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மெஷின்காரர் கையிலிருந்து கைடைப் பிடுங்கினேன்.

"என்னம்மா இது?" என்றார் இவர்.

பஞ்சை நனைத்து முதல் புள்ளியில் வைத்துத் தேய்த்தேன். சிவப்பு பஞ்சோடு வந்தது. கீழே பழைய பெயிண்ட் தெரிந்தது. போல்ட்டின் மேல் ஒரு பாதி, தகட்டின் மேல் ஒரு பாதி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன. இரண்டாவதைத் துடைத்தேன். அதுவும் அப்படியே.

"நான்தான் தொட்டேன். அன்னிக்கு நீங்க கீல் வாங்கப் போயிருந்தப்போ. முன்னால ஒரு பல்லு, பின்னால ஒரு பல்லு அளந்துட்டு, கோணலா இருக்குன்னு தட்டி வச்சேன். உங்க கையில ஒண்ணும் இல்லைங்க. என் கையிலதான் எல்லாம்."

மெஷின்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உலகம் தெரிந்த மனிதர். "நான் அப்புறமா வரேன்" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவர் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கைடு மடியில் இருந்தது. அரைமணி நேரம் எழவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் அவ்வளவு நேரம் ஆடாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசியில் சொன்னார்: "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் கத்தியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்." கைடைத் திருப்பி மறுபடி புள்ளியைப் பார்த்தார். "காலையில எழுந்ததும் என் கையைத்தான் பாப்பேன். நாலு மாசமா. நீ பக்கத்துலதானே படுத்திருந்தே?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், கதவைச் சாத்து என்பதோடு பேச்சு நின்றது. நாலாம் நாள் மூலைமட்டத்தைக்கூட எடுக்காமல் வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பினார், அந்தக் கனமான இரும்புக் கைடோடு. யானைப் பிடி. மேசையில் நான்கு ஓட்டை போட்டார். இரும்பு வெடிக்கவில்லை. பலகையில் அறுத்த பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தை நெருக்காமல் இருக்க, அதற்குப் பின்னால் நிற்கும் தகடு ஒன்றை லேத்காரர் வெட்டிக் கொடுத்தார். முன்பு ஓரம் கருகியதும் அது இல்லாததால்தான், அந்தத் தகடு இரண்டு வருடத்துக்கு முன்பே இருந்திருக்கவேண்டியது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "டேப்பை எடுத்துட்டு வா."

போனேன். ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். அதை முன்னால் நிறுத்தி, "அள" என்றார். அளந்தேன். கையால் ரம்பத்தைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி "அள" என்றார். ஒரே அளவு. போல்ட்டை முறுக்கினார். பெயிண்ட் டப்பாவை எடுப்பார் என்று பார்த்தேன்.

"உன் பாட்டில் எங்கே?"

கொண்டுவந்தேன். நான்கு போல்ட்டிலும் நானே புள்ளி வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தார். மூன்றாவது புள்ளி கொஞ்சம் வழிந்தது.

"காயட்டும்" என்றார். பிறகு, "பலகைக்கு நேரா நிக்காதே. நீ முன்னறைக்குப் போ."

போனேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நூலை எடுத்தேன். பின்னால் சுவிட்ச் விழுந்தது. ரம்பம் எழும்பும் சத்தம், பிறகு மரத்துக்குள் இறங்கும் சத்தம். அது தடையில்லாமல் கடைசிவரை போய் முடிந்தது. அடுத்த பலகைக்காக அவர் ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஊசிக் காதில் நூலைக் கோக்கப் பார்த்தேன். நான்கு தடவை தவறியது. அவர் ஆறாவது பலகையை அறுத்து முடித்தபோதுதான் நூல் காதுக்குள் போனது.